ஹமில்டன் மலையில் ஓர் இரவு

பங்குக் கிணற்றைப் பற்றி யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நாம் விளக்கம் எழுதவேண்டியதில்லை. ஒரே கிணற்றுக்கு ஐந்தாறு காணிக்காரர் உரித்துடையவர்களாக இருப்பர். இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு என்று முறை வகுக்கப்பட்டிருக்கும். காணி உறுதியிலும் அஃது எழுதப்பட்டிருக்கும். முறை தவறி ஒருவர் இறைத்தால் வழக்கு. கிணறு கலக்கி இறைத்துத் துப்புரவு செய்யவேண்டிய காலத்தில் ஒருவர் பின்னின்றால் அதுவும் வழக்கு. எனினும், அந்த ஒரு கிணறு இருப்பதனாலேயே ஐந்தாறு தோட்டங்கள் பச்சைப் பசேலென்று விளங்கும்.

இத்தகைய பங்குக் கிணறு ஒன்றை, நீருக்காக அன்றி நட்சத்திர ஒளிக்காக, நிலத்தின் அடியில் அன்றி மலையின் உச்சியிலே அமைத்து வைத்திருப்பதை 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே கண்டோம். லிக் வானாராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். பத்து வளாகங்களை உடைய கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற்கு அது பொதுச் சொத்து. அவ்வளாகங்களின் வானியலாளர்களும் மாணவர்களும் அங்குள்ள தொலைநோக்கிகளை முறை வைத்துப் பங்கிட்டுப் பயன்படுத்துகின்றனர்.

நாம் அங்குச் செல்ல நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுதல் நலம். எம் தம்பி பல ஆண்டுகளாகச் சான் ஹோசே நகரில் வசிப்பவர், கணினித் தொழிலர். அவருடைய மகள் அப்பல்கலைக்கழகத்தின் வளாகமொன்றிலே பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். வானியலையே மேலும் கற்கவேண்டும் என்பது அவள் விருப்பம். கணினித் துறைக்கு மாறவேண்டும் என்பது தகப்பனார் விருப்பம். நாம் போய் இறங்கிய நாள் தொட்டு அந்த வீட்டிலே இதே பேச்சுத்தான். "வானத்தைப் பாத்துக்கொண்டிருந்தால் வயிறு நிறையுமோ, அண்ணை? நீங்கள்தான் சொல்லவேணும்" என்பார் தம்பி. "பெரியப்பா, ஒருக்கால் மலைக்கு வந்து பாத்துவிட்டுச் சொல்லுங்கோ" என்பாள் பெண். இருவருக்கும் இடையில் நின்று தீர்ப்புக் கூறும் துணிவு எமக்கு இல்லை. "பார்த்துவிட்டே சொல்லுவோம்" என்று நாள் கடத்தினோம். அவ்வாறுதான் ஒரு சனிக்கிழமை பிற்பகல், நாமும் எம் மனைவியாரும் தம்பியும் மகளுமாக நால்வர் மோட்டார்க் காரில் ஏறினோம்.

வளைந்து செல்லும் வீதி

சான் ஹோசே நகரின் கிழக்கெல்லையில் மலைத்தொடர் தொடங்குகிறது. நகரிலிருந்து பார்த்தாலே தொலைவில் ஓர் உச்சியின்மீது வெண்ணிறக் குவிமாடங்கள் தெரியும். ஏறக்குறைய 20 மைல் தூரம் எனினும், போய்ச் சேர ஒரு மணி நேரத்திற்கு மேற் சென்றது. கோடைக் காலமாதலின் குன்றுகள் யாவும் காய்ந்த புல்லினால் போர்த்தப்பட்டு, அறுவடைக்கு முன்னுள்ள வன்னி வயல்களைப் போலப் பொன்னிறமாகக் கிடந்தன. இடையிடையே கருவாலி மரங்கள் தனித்தனியே நிழல் விரித்து நின்றன.

வீதியோ வளைந்து வளைந்து செல்கின்றது. ஆண்டின் நாட்களைப் போல 365 வளைவுகள் உண்டு என்பது அவ்விடத்து மக்கள் கூறும் கணக்கு. எம் மனைவியார் நூறு வரையும் எண்ணிப் பின்னர்க் கண்களை மூடிக்கொண்டார். ஆயினும் வளைவுகள் இருக்கும் அளவுக்கு ஏற்றம் இல்லை. காரணம், இவ்வீதி மோட்டார் வண்டிகளுக்காகப் போடப்பட்டதன்று. தொலைநோக்கியின் பாகங்களையும் கட்டடப் பொருள்களையும் குதிரைகள் இழுத்துச் செல்லவேண்டும் என்பதற்காக, 1876ஆம் ஆண்டிலே மலைச் சரிவைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும்படி வெட்டப்பட்டது. மலையுச்சியில் நிலையம் அமைய வேண்டுமாயின் சந்தா கிளாரா மாவட்டத்தார் வீதி போட்டுத் தரவேண்டும் என்பது கொடையாளர் விதித்த நிபந்தனை.

போகும் வழியிலேதான் பங்குக் கிணற்றுக் கதையைத் தம்பிக்கு நினைவூட்டினோம். எம் ஊரில் எமது வளவுக்கும் அயலவர் வளவுகளுக்கும் பொதுவான கிணறு ஒன்று இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் எமது முறை. சிறுவனாயிருந்தபோது விடியற்புறத்தில் எழுந்து வாய்க்காலில் தண்ணீர் மாறியவர் தம்பி. "மறக்கவில்லை அண்ணை. எங்கட முறை நாளிலைதான் மழை பெய்யும்" என்று சிரித்தார். "அங்கையும் அப்பிடித்தான் அப்பா, எங்கட முறை நாளிலைதான் முகில் மூடும்" என்றாள் மகள்.

தச்சரின் கொடை

மலையின் உயரம் 4,200 அடி. உச்சியிலே நீண்ட மண்டபமொன்றும், அதன் இரு முனைகளிலும் ஒரு பெரிய குவிமாடமும் ஒரு சிறிய குவிமாடமும் விளங்குகின்றன. 1888ஆம் ஆண்டிலே இந்நிலையம் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, மலையுச்சியில் நிரந்தரமாக ஆட்கள் தங்கி ஆராயும் வான்நோக்கு நிலையம் உலகில் வேறெங்கும் இருக்கவில்லை. நகரங்களின் நடுவே, பல்கலைக்கழகத் தோட்டங்களின் உள்ளேயே அதுவரை தொலைநோக்கிகள் வைக்கப்பட்டிருந்தன. உயரத்திலே காற்று மெல்லியது, தூசு குறைவு, நட்சத்திரங்களின் நடுக்கமும் குறைவு. இவ்வுண்மையைச் செய்து காட்டிய முதல் நிரந்தர நிலையம் இதுவே.

இதற்குப் பொருள் கொடுத்தவர் படித்த பெருமகன் அல்லர். ஜேம்ஸ் லிக் என்பவர் 1796ஆம் ஆண்டு பென்சில்வேனியாவிலே பிறந்த தச்சுத் தொழிலாளி. இளமையிலே ஒரு மாவாலைக்காரரின் மகளை மணம் பேசச் சென்றபோது, பொருளில்லாதவன் என்று அத்தந்தை மறுத்துவிட்டாராம். ஊரை விட்டு நீங்கிய லிக், பியானோ வாத்தியங்கள் செய்யக் கற்றுத் தென்னமெரிக்கா சென்றார். புவனஸ் அயர்ஸ், வல்பரைசோ, லீமா ஆகிய நகரங்களிலே பல்லாண்டு வாழ்ந்து பொருளீட்டினார். 1848ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில், 30,000 டொலர் பெறுமதியான பொன்னுடனும் 600 இறாத்தல் சொக்கலேற்றுடனும் சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கினார். அப்போது அது சிற்றூர். அவர் காணி வாங்கத் தொடங்கிய அதே மாதத்தின் 24ஆம் நாள் கலிபோர்ணியாவிலே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. காணிகளின் விலை எவ்வாறு ஏறியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதுமையிலே நோயுற்றுக் கிடந்த அவருக்கு, இச்செல்வத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தமக்கும் தம் பெற்றோருக்கும் மாபெருஞ் சிலைகள் நிறுவ எண்ணினார். எகிப்தின் பெரிய கூர்ங்கோபுரத்திலும் பெரிதாக ஒன்று எழுப்பவும் எண்ணினார். ஜோர்ஜ் டேவிட்சன் என்ற விஞ்ஞானி அவரிடம் பலமுறை சென்று பேசி, அவ்வெண்ணத்தை வானத்தின் பக்கம் திருப்பினார். அதுவரை செய்யப்பட்ட எல்லாவற்றிலும் வலிமை மிக்க தொலைநோக்கி ஒன்றை அமைக்க 700,000 டொலரை லிக் எழுதிவைத்தார். 1876ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் நாள் அவர் காலமானபோது மலையிலே ஒரு கல்லும் நாட்டப்படவில்லை. 1887ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய உடலைக் கொணர்ந்து, தொலைநோக்கியைத் தாங்கும் தூணின் அடியிலே அடக்கம் செய்தனர். பெரிய குவிமாடத்தின் கீழே சென்று அவ்விடத்தைப் பார்த்தோம். இங்கே ஜேம்ஸ் லிக்கின் உடல் இருக்கின்றது என்பதைத் தவிர அந்தத் தகட்டிலே புகழுரை எதுவும் இல்லை. தம்பி அதன் முன் சிறிது நேரம் நின்று, "மாவாலைக்காரர் பெண் குடுத்திருந்தால் இது நடந்திராது" என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

பெரிய வில்லை

குவிமாடத்தின் உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கிவிடுகின்றது. 57 அடி நீளமுள்ள குழாயொன்று, பெரிய மரக்கலத்தின் பாய்மரத்தைச் சாய்த்து வைத்தாற்போல, ஆகாயத்தை நோக்கி நிற்கின்றது. அதன் மேல் முனையிலே 36 அங்குல விட்டமுள்ள வில்லை. பாரிஸ் நகரில் வார்க்கப்பட்ட கண்ணாடியை, மாசச்சூசெற்ஸ் மாநிலத்து அல்வன் கிளார்க் குடும்பத்தார் தேய்த்து மெருகிட்டனர். குறையில்லாத கண்ணாடி கிடைப்பதற்கு முன் எத்தனையோ வார்ப்புகள் பழுதாகி, ஆண்டுகள் பல கழிந்தன.

நம் கண்ணின் பாவை இருளிலே நன்கு விரிந்தாலும் 7 மில்லிமீற்றர் அளவே வரும். இவ்வில்லையோ 91 சென்ரிமீற்றர். ஆகவே நம் கண் சேர்க்கும் ஒளியைப் போல் ஏறத்தாழ 17,000 மடங்கு ஒளியை இது சேர்க்கின்றது. தொலைநோக்கி பெரிதாக்கிக் காட்டுவது என்று நாம் எண்ணுகின்றோம். அதனினும் முதன்மையானது ஒளியைச் சேர்ப்பதே. மழை நீரைச் சேர்க்க வாய் அகன்ற பாத்திரம் வைப்பது போன்றது அது.

குழாயின் கோணத்துக்கு ஏற்பப் பார்ப்பவர் ஏறவும் இறங்கவும் வேண்டுமே! அதற்கு ஏணி வைத்துத் துன்பப்படாமல், தரை முழுவதையுமே நீரின் அழுத்தத்தினால் மேலெழுப்பியும் தாழ்த்தியும் வைக்கும்படி அக்காலத்திலேயே அமைத்தார்கள்.

1888ஆம் ஆண்டு ஜனவரியில் முதன்முதலாக இதனூடே பார்க்க முயன்ற கதையை வழிகாட்டி அம்மையார் சுவைபடக் கூறினார். வில்லை தெளிவான உருவத்தைக் காட்டவில்லை; குழாய் சில அங்குலம் நீண்டுவிட்டது. அத்தனை பெருஞ் செலவிற் செய்த குழாயின் முனையை வாளெடுத்து அரிந்தார்கள். கடுங் குளிரிலே குவிமாடம் உறைந்து சுழல மறுத்தது. திறந்திருந்த இடைவெளிக்கு நேரே எது வருகின்றதோ அதையே பார்த்தார்கள். அவ்வாறு ஜனவரி 7ஆம் நாள் சனிக் கிரகம் வந்தது. ஜேம்ஸ் கீலர் என்ற இளைஞர், சனியின் புறவளையத்தின் ஓரத்தே மிக மெல்லிய இடைவெளி ஒன்று இருப்பதைக் கண்டார்.

இதே தொலைநோக்கியினாலே 1892ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆம் நாள் எட்வேட் எமேர்சன் பார்னாட் என்பவர் வியாழனின் ஐந்தாவது சந்திரனைக் கண்டுபிடித்தார். 1610ஆம் ஆண்டிலே கலிலியோ நான்கு சந்திரர்களைக் கண்ட பின்னர், 282 ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாதிருந்தது அது. பார்னாட் தந்தையற்ற ஏழைப் பிள்ளை. ஏறத்தாழ ஒன்பது வயதிலேயே புகைப்பட நிலையமொன்றில் வேலைக்குச் சென்றவர். இதைக் கேட்டபோது தம்பியின் மகள் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்காதது போல் மேலே நோக்கிக்கொண்டிருந்தார்.

வில்லைகளின் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1897இலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யேர்க்கிஸ் நிலையத்தில் 40 அங்குல வில்லை அமைந்தது. அதனிலும் பெரிய வில்லையை வைத்து இரவு வானத்தை ஆராய்ந்த நிலையம் எதுவும் இல்லை. வில்லையை விளிம்பிலே மாத்திரம் தாங்கமுடியும். பெரிதானால் தன் பாரத்தினாலேயே வளைந்துவிடும். கண்ணாடியோ பின்புறம் முழுவதும் தாங்கப்படலாம். எனவே பிற்காலத்துப் பெருந் தொலைநோக்கிகள் யாவும் குழிவான கண்ணாடியைக் கொண்டு ஒளியைத் திரட்டுபவை.

இரவுகளைப் பங்கிடும் முறை

மலையின் அடுத்த மேட்டிலே ஷேன் தொலைநோக்கி இருக்கின்றது. 120 அங்குலம், அதாவது மூன்று மீற்றர் அகலமுள்ள கண்ணாடி. 1959ஆம் ஆண்டு முதல் தொழிற்படுகின்றது. பலோமர் மலையின் 200 அங்குலக் கண்ணாடியைச் சோதிப்பதற்காக வார்க்கப்பட்டுப் பின் தேவையற்றுக் கிடந்த கண்ணாடி வட்டத்தை, 50,000 டொலருக்கு வாங்கித் தேய்த்துச் செய்த கருவி இது. மிஞ்சிய பலகையிற் கதவு செய்யும் நம்மூர்ச் சிக்கனத்தை இங்கும் கண்டு மகிழ்ந்தோம். 1969ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் நாள், சந்திரனிலே மனிதர் வைத்துவிட்டு வந்த தெறிகருவியை நோக்கி லேசர் ஒளியைச் செலுத்தி, இரண்டரைச் செக்கனில் அது திரும்பி வந்ததை இத்தொலைநோக்கியினாலேயே பிடித்தார்கள்.

இங்கேதான் பங்கு முறையைத் தம்பியின் மகள் விளக்கினாள். ஆண்டுக்கு இருமுறை வானியலாளர்கள் தங்கள் ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி விண்ணப்பிப்பர். குழுவொன்று அவற்றைப் பரிசீலித்து, இன்ன வளாகத்தாருக்கு இன்ன இரவுகள் என்று ஒதுக்கும். நிலவில்லாத இரவுகளுக்குப் போட்டி அதிகம். மங்கலான அண்டங்களைப் பார்ப்போர்க்கு அவை வேண்டும். ஒளி மிக்க நட்சத்திரங்களின் நிறமாலையை ஆராய்வோர் நிலவு இரவுகளைப் பெற்றுக்கொள்வர். ஒதுக்கிய இரவிலே முகில் மூடினால் இழப்பீடு கிடையாது. மறுபடியும் விண்ணப்பித்துக் காத்திருக்கவேண்டியதுதான்.

முன்னாளில் வானியலாளர்கள் குடும்பத்தோடு மலையிலேயே வசித்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது. இன்று பெரும்பாலோர் தத்தம் வளாகத்தில் ஓர் அறையிலே கணினி முன் அமர்ந்தே தொலைநோக்கியைச் செலுத்துகின்றனர். மண்டபத்தின் மறு முனையிலுள்ள சிறிய குவிமாடத்தில் நிக்கல் என்னும் ஒரு மீற்றர் தொலைநோக்கி இருக்கின்றது. பல்கலைக்கழக மாணவர்கள் பாடத்தின் பகுதியாகவே அதனைத் தூரத்திலிருந்து இயக்கிப் பழகுகின்றார்கள். எம் பெண்ணும் சென்ற பருவத்திலே பல இரவுகள் அதனை இயக்கியவள். ஆனால், அதனைக் கண்ணாற் கண்டவளல்லள்.

அந்தக் கதவு திறக்கப்பட்டபோது அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இதுதானோ?" என்றாள். மெல்ல அருகிற் சென்று, தொடாமல், கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு சுற்றி வந்தாள். பல காலம் கடிதம் எழுதிப் பழகிய ஒருவரை நேரிலே கண்டவர்களின் கூச்சம் அவளுடைய முகத்தில் இருந்தது. "இது வடக்குப் பக்கம் திரும்பேக்கை கொஞ்சம் சுணங்கும், பெரியப்பா, நான் ஏதோ பிழை விட்டுட்டன் எண்டு ஒருநாள் பயந்துபோனன்" என்றாள். அதனைக் கேட்ட அம்மையார் சிரித்து, "உனக்கு இதனைத் தெரிந்திருக்கிறது" என்று ஆங்கிலத்திற் சொல்லி முதுகிலே தட்டினார். தம்பி எதுவும் சொல்லவில்லை.

அவரைத் தூண்டியது வேறொன்று. மலையிலே 76 சென்ரிமீற்றர்க் கண்ணாடியுடைய தானியங்கித் தொலைநோக்கி ஒன்று உண்டு. மனிதர் அருகில் இல்லாமலே குவிமாடத்தைத் திறந்து, இரவு முழுவதும் அண்டங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக ஒரு புள்ளி தோன்றினால் அறிவிக்கும். வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை நூற்றுக்கணக்கில் அது கண்டுபிடித்திருக்கின்றது. பிற சூரியர்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடுவதற்கு 2.4 மீற்றர்த் தானியங்கித் தொலைநோக்கி ஒன்றும் பின்னர் அமைந்தது. "இந்தப் படங்களை ஒப்பிடுகிற நிரலை ஆர் எழுதினது?" என்று தம்பி கேட்டார். "பௌதிகம் படிச்ச மாணவர்கள்தான் அப்பா. நானும் இப்ப அதைத்தான் எழுதிப் பழகுறன்" என்றாள் மகள். தகப்பனும் மகளும் அதன் பின் அரை மணி நேரம் எமக்கு விளங்காத பாஷையிலே பேசிக்கொண்டு நடந்தார்கள். அந்த வீட்டிலே நாம் போய் இறங்கிய பிறகு, வழக்கின்றி அவர்கள் பேசியதை அன்றுதான் கேட்டோம்.

சனிக்கிழமையும் சனி பகவானும்

இருள நேரம் சென்றது. கோடையிலே பொதுமக்களுக்கும் பெரிய வில்லையூடே பார்க்க இடமளித்திருந்தனர். வரிசையில் நின்றோம். அன்று காட்டப்பட்டது சனிக் கிரகம்.

சனி ஒரு முறை சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் செல்லும். பன்னிரண்டு இராசிகளுக்கும் பங்கிட்டால் ஓர் இராசிக்கு இரண்டரை ஆண்டு; மூன்று இராசிக்கு ஏழரை ஆண்டு. நம் முன்னோர் கூறிய ஏழரைச் சனி என்பதன் கணக்கு இவ்வளவே. தொலைநோக்கி இல்லாத காலத்திலே வெறுங் கண்ணால் ஒரு தலைமுறைக் காலம் பார்த்திருந்து கண்ட கணக்கு அது. தம்பியின் இராசி தனுசு. சனியும் அவ்வாண்டு தனுசிலேயே நின்றது. அவர் வீட்டிலே சனிக்கிழமைதோறும் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றப்படுவதை நாமும் கண்டிருந்தோம்.

முதலிலே எம் மனைவியார் குனிந்து பார்த்தார். "அட, இவ்வளவு வடிவான ஆளையோ நாங்கள் இவ்வளவு காலமும் பயந்துகொண்டிருந்தனாங்கள்!" என்றார். சூழ நின்ற வெள்ளையருக்கு மொழி விளங்காவிடினும் அவருடைய குரல் விளங்கிற்று, எல்லோரும் சிரித்தார்கள்.

நாம் பார்த்தோம். கருமையான வெளியிலே, வெண்ணெய் நிறத்தில், வளையத்தோடு அந்தரத்தே நிற்கின்றது. புத்தகப் படத்திலே எத்தனையோ முறை கண்ட உருவந்தான். ஆனால், படம் அசைவதில்லை; இது காற்றின் நடுக்கத்திலே மெல்ல மெல்ல அலைந்தது. அதனைத் தொட்டு வந்த ஒளி ஒரு மணி நேரத்துக்கு மேற் பயணஞ் செய்து இப்போதுதான் எம் கண்ணுள் விழுகின்றது என்ற எண்ணம் வந்தபோது மெய்சிலிர்த்தது.

கடைசியிலே தம்பி பார்த்தார். மற்றவர்களிலும் அதிக நேரம் பார்த்தார். பின்னால் நின்றவர் இருமிய பின்னரே விலகினார். என்ன சொல்லப்போகின்றார் என்று மகள் காத்து நின்றாள். "குளிருது, சால்வையைப் போடு" என்று மட்டும் அவளிடம் கூறினார்.

வெளியே வந்தபோது கீழே ஓர் அதிசயம் நிகழ்ந்துகொண்டிருந்தது. மாலையிலே சான் ஹோசே நகரின் விளக்குகள் பள்ளத்தாக்கு முழுவதும் தணல் கொட்டியது போலக் கிடந்தன. நள்ளிரவை அண்டி, கடற் பக்கத்திலிருந்து மூடுபனி எழுந்து நகரைப் போர்த்திவிட்டது. நகரத்தார் வெறுக்கும் அந்த மூடுபனி மலையிலுள்ளோர்க்கு வரப்பிரசாதம். விளக்கொளி மறைந்து வானம் கறுக்கின்றது. நகர விளக்குகள் பெருகப் பெருக மங்கலான நட்சத்திரங்கள் மறைகின்றன என்பதே இந்நிலையத்தின் பெருங் கவலை. ஒரு காலத்தில் சான் ஹோசே நகரத்தார் நிலையத்தின் வேண்டுகோளை ஏற்று, வீதிகளுக்கு ஒரே மஞ்சள் நிறத்தில் எரியும் சோடிய விளக்குகளைப் போட்டார்கள். அந்நன்றிக்காகச் சிறுகோள் ஒன்றுக்குச் சான் ஹோசே என்று பெயர் சூட்டப்பட்டது.

கிணறு தூராமல் இருக்க

விளக்கொளியிலும் பெரிய ஆபத்து 2013ஆம் ஆண்டிலே வந்தது. ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையிலே பத்து மீற்றர் அகலமுள்ள கெக் தொலைநோக்கிகளிலும் இப்பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. அத்தகைய புதிய கிணறு இருக்கப் பழைய கிணற்றுக்கு ஏன் செலவிடுவது என்ற எண்ணத்தில், சில ஆண்டுகளில் லிக் நிலையத்துக்கான பணத்தை நிறுத்திவிடுவதெனப் பல்கலைக்கழக நிர்வாகம் அறிவித்தது. வானியலாளர்களும் பொதுமக்களும் வாதாடினர். பெருங் கருவிகளில் ஓர் இரவு கிடைப்பதே அரிது. அவற்றில் மாணவன் பிழைவிட்டுப் பழக முடியாது. புதிய கருவிகளைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது என்றனர். 1990களிலே மஞ்சள் லேசர்க் கதிரை வானிற் செலுத்திச் செயற்கை நட்சத்திரமொன்றை உண்டாக்கி, காற்றின் நடுக்கத்தை நீக்கிப் பார்க்கும் முறை ஷேன் தொலைநோக்கியிலேயே பழகப்பட்டது. 2014ஆம் ஆண்டு அம்முடிவு கைவிடப்பட்டது. 2015இல் கூகிள் நிறுவனம் பத்து இலட்சம் டொலர் உதவியது.

நமது நாட்டிலும் மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்திலே, ஜப்பானிய அரசு 1996ஆம் ஆண்டு நன்கொடையாக வழங்கிய 45 சென்ரிமீற்றர்த் தொலைநோக்கி உண்டு. கருவி சிறிதாயினும் பெரிதாயினும், பலர் முறை வைத்து இறைக்கும்போதே கிணறு ஊறும். இதனை நம் மாணவர்களும் அவர்களுக்கு ஆசிரியராயுள்ளோரும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நாம் ஊர் திரும்பி ஓராண்டு சென்றது. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத நடுவில் கலிபோர்ணியாவில் இடிமின்னலினால் காடுகள் தீப்பற்றின. ஹமில்டன் மலையைச் சூழ்ந்த தீ 396,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்த பெருந் தீ. ஓகஸ்ட் 19ஆம் நாள் இரவு அது நிலையத்தின் வாயிலையே அடைந்தது. தம்பியின் மகள் எமக்குத் தொலைபேசியிலே அழுதாள். மலையிலுள்ள படக்கருவி காட்டும் காட்சியைக் கணினியிலே பார்த்தபடி வீட்டார் அனைவரும் விழித்திருக்கிறார்கள் என்றாள். அவள் அதற்குள் தகப்பனாரின் சம்மதத்தோடு வானியலையே தெரிந்துகொண்டிருந்தாள். படம் பார்க்கும் நிரலை எழுதுவதில் அவர் அவளுக்கு வாத்தியாராகவும் இருந்தார்.

தீயணைப்பு வீரர்கள் இராப்பகலாகப் போராடினார்கள். ஊழியர் வசிக்கும் இல்லமொன்று எரிந்து போயிற்று. வேறு சில சேதமடைந்தன. குவிமாடங்கள் தப்பின. எமக்கு அடுத்த அழைப்பு மகளிடமிருந்து வரவில்லை, தம்பியே அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. இரவு முழுவதும் உறங்காத குரல். புகையினிடையே வெள்ளைக் குவிமாடம் தெரிகின்றது என்று சொல்லிவிட்டு, சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு,

"அண்ணை, கிணறு தப்பியிட்டுது" என்றார்.